வாயிலில் தடுப்பு இல்லை. ஆனாலும் சீட்டு முக்கியம்!

பெர்லினின் சுரங்க ரயில் நிலையங்களில் கட்டண நுழைவாயில்கள் கிடையாது. படியிறங்கினால் நேராக நடைமேடைதான். அட்டையைத் தட்டி உள்ளே செல்லும் எம்ஆர்டி பழக்கத்தில் வளர்ந்த நமக்கு இது வியப்பளிக்கும். மியூனிக், ஹாம்பர்க் நகரங்களிலும் இதே முறைதான்.

தடுப்பு இல்லையே தவிர, சோதனை உண்டு. சாதாரண உடையில் பரிசோதகர்கள் எந்நேரமும் ரயிலில் ஏறலாம். செல்லுபடியாகும் சீட்டு இல்லாவிட்டால் 60 யூரோ கட்ட வேண்டும். “நான் சுற்றுப்பயணி, விதிமுறை தெரியாது” என்ற விளக்கம் பொதுவாக எடுபடாது. காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர்களும் இதில் சிக்குவதுண்டு. மாணவர் பரிமாற்றத் திட்டத்திலோ விடுமுறையிலோ ஜெர்மனிக்குச் செல்லும் இளையர்கள், சரியான சீட்டு எது என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

முத்திரையும் மண்டலமும்

பெர்லினில் நடைமேடை இயந்திரத்தில் வாங்கும் தாள் சீட்டை, அருகிலுள்ள சிறு பெட்டியில் செருகி முத்திரையிட வேண்டும். முத்திரை இல்லாத சீட்டு செல்லாது. பிராங்க்பர்ட்டில் சீட்டு அச்சாகும்போதே செல்லுபடியாகிவிடும். அதனால் நாளைய பயணத்துக்கு இன்றே வாங்கி வைத்தால் பணம் வீண்.

மண்டலத்தையும் கவனியுங்கள். பெர்லினில் ஏ, பி, சி என மூன்று மண்டலங்கள் உள்ளன. நகரைச் சுற்ற ‘ஏபி’ சீட்டு போதும். விமான நிலையம் ‘சி’ மண்டலத்தில் இருப்பதால், அங்கு செல்ல ‘ஏபிசி’ சீட்டு தேவை.

மாதச் சீட்டா, நாள் சீட்டா?

பல நகரங்களுக்குச் செல்வோருக்கு ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ பயனளிக்கும். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமான இந்த மாதச் சீட்டின் விலை, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. நாடு முழுவதும் நகரப் பேருந்து, டிராம், சுரங்க ரயில், வட்டார ரயில் அனைத்திலும் செல்லலாம். ஆனால், ஐசிஇ, ஐசி போன்ற நெடுந்தூர ரயில்களில் இது செல்லாது. மேலும், இது ஒரு சந்தா. 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் கழிக்கப்படும்.

நண்பர்களுடன் ஒருநாள் வெளியூர் செல்வதென்றால் மாநில நாள் சீட்டைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, பவேரியா மாநிலச் சீட்டில் ஐந்து பேர் வரை வட்டார ரயில்களில் பயணம் செய்யலாம். வார நாள்களில் காலை 9 மணிக்குப் பிறகே புறப்பட வேண்டும்.

ரயில் தாமதமானால்

ஐசிஇ ரயிலுக்கு முன்கூட்டியே வாங்கும் மலிவுச் சீட்டு, குறிப்பிட்ட அந்த ரயிலுக்கு மட்டுமே பொருந்தும். எனினும், சேருமிடத்தை அடைய 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால், வேறு ரயிலில் ஏற உங்களுக்கு உரிமையுண்டு. 60 நிமிடத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 விழுக்காட்டையும், 120 நிமிடத்துக்கு 50 விழுக்காட்டையும் திரும்பக் கேட்கலாம். சீட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஏறுமுன் கவனிக்க

• நிலையங்களில் மஞ்சள் நிற அட்டவணை புறப்படும் ரயில்களுக்கு, வெள்ளை நிற அட்டவணை வந்துசேரும் ரயில்களுக்கு.

• பிராங்க்பர்ட் என்ற பெயரில் இரு நகரங்கள் உள்ளன. சாங்கியிலிருந்து விமானம் செல்வது மைன் ஆற்றங்கரையில் உள்ள பிராங்க்பர்ட்டுக்கு. மற்றொன்று ஓடர் ஆற்றங்கரையில், போலந்து எல்லையில் உள்ளது.

• மியூனிக்கில் விமான நிலையம் செல்லும் எஸ்1 ரயில் நொய்ஃபார்ன் நிலையத்தில் இரண்டாகப் பிரியும். பின்பகுதிப் பெட்டிகளே விமான நிலையம் செல்லும்.

• ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடப்பட்டிருக்கும். உணவுப் பொருள்களைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். பெரிய ரயில் நிலையங்களில் சில கடைகள் திறந்திருக்கும்.

இங்கே நுழைவாயில் இயந்திரம் செய்யும் சோதனையை அங்கே நாமே செய்துகொள்ள வேண்டும். நடைமேடையில் ரயிலுக்குக் காத்திருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் மண்டலம், முத்திரை, ரயில் வகை மூன்றையும் ஒருமுறை சரிபாருங்கள். 60 யூரோ உங்கள் பையிலேயே இருக்கும்.