மரம் சூழ்ந்த தாமானில் தரை வீடு: கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எப்போதாவது எழுந்திருக்கும். பத்தாவது மாடியில் இருக்கும் அடுக்குமாடி வீட்டை விற்றுவிட்டு, மரங்கள் நிறைந்த தாமான் ஒன்றில் தரை வீடு வாங்கலாமா? அம்மாவுக்குக் கறிவேப்பிலை வைக்க மண் வேண்டும். பாட்டிக்கு மின்தூக்கிக்காகக் காத்திருந்து கால் வலிக்கிறது. அப்பா வங்கிக் கடனையும் டோல் கட்டணத்தையும் கூட்டிப் பார்க்கிறார். உங்களை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த வீட்டில் கார் ஓட்டத் தெரியாத இருவர், நீங்களும் பாட்டியும்தான். எனவே இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதற்கு வேண்டியது பள்ளியில் படித்த அறிவியலும் கொஞ்சம் வட்டப் பரப்பளவும் மட்டுமே.

எடுத்துக்காட்டுக்குப் பெட்டாலிங் ஜெயாவை எடுத்துக்கொள்வோம். 1950களின் தொடக்கத்தில் கோலாலம்பூரின் நெரிசலைக் குறைப்பதற்காக, எஃபிங்ஹாம் என்ற ரப்பர் தோட்டத்தின் சுமார் 1,200 ஏக்கர் நிலத்தில் அமைக்கப்பட்ட துணைநகரம் இது. 2006ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் மாநகர் தகுதி பெற்றது. ஊரைப் பிரிவு பிரிவாக வகுத்துச் சாலைகளுக்கு எண்களையே பெயராக வைத்தார்கள். 'ஜாலான் 17/21' என்றால் 17ஆம் பிரிவின் 21ஆம் சாலை. புதிதாக வருபவரைக் குழப்பும் இந்த முறை, கணிதம் பிடித்தவர்களுக்குப் பிடித்துப்போகும். பழைய பிரிவுகள் சிலவற்றில் இன்றும் உயரமில்லாத வீடுகளையும், சாலையோரம் குடை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களையும் பார்க்கலாம். மாலையில் இலைகளை மடித்துக்கொள்வதால் மலாய்க்காரர்கள் அந்த மரத்தை 'புக்குல் லீமா', அதாவது 'ஐந்து மணி' என்றும் அழைப்பார்கள்.

அந்த மரத்தடியில் நின்றால் குளுமையாக இருக்கிறது. ஏன்?

மரம் வேர் வழியே உறிஞ்சும் நீரின் பெரும்பகுதியை இலைத்துளைகள் வழியே ஆவியாக வெளிவிடுகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 2.4 மெகாஜூல் வெப்பம் தேவை. அதே ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைவரை சூடாக்க 0.3 மெகாஜூல்கூடத் தேவையில்லை. ஆவியாக்கத்திற்கு அதைப்போல் எட்டு மடங்கு செலவாகிறது. ஒரு பெரிய மரம் நாளொன்றுக்கு 100 லிட்டர் நீரை வெளிவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், அது உள்வாங்கும் வெப்பம் 240 மெகாஜூல். ஒரு குதிரைத்திறன் கொண்ட ஏர்கோன் இரவும் பகலும் ஒரு நாள் முழுக்க ஓடினால் அகற்றும் வெப்பத்துக்கு இது ஏறத்தாழச் சமம். ஏர்கோன் அந்த வெப்பத்தை அகற்றிப் பக்கத்து வீட்டுச் சன்னலோரம் கொட்டும். மரம் அதை நீராவியில் ஏற்றி மேலே அனுப்பிவிடும்.

ஆனால் நம் நாட்டில் காற்று ஏற்கெனவே ஈரமானது. ஈரக் காற்றில் ஆவியாதல் மெதுவாகவே நடக்கும். ஆகவே இங்கே மரத்தின் பெரிய உதவி நிழல்தான். நண்பகலில் தெளிவான வானமிருந்தால், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 1,000 வாட் சூரிய ஆற்றல் விழும். தார்ச்சாலையின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டிவிடும். மேலிருந்து சூரியனும் கீழிருந்து சாலையும் உங்கள் உடம்பைச் சூடேற்றும். நிழலில் இந்த இரண்டுமே குறைகின்றன. வெயிலிலும் நிழலிலும் வெப்பமானியில் காற்றின் வெப்பநிலையை அளந்தால் (வெப்பமானி மீது நேர்வெயில் படக்கூடாது) வேறுபாடு சிறியதாகவே இருக்கும். உடம்பு உணரும் வேறுபாடோ பெரியது.

உயரமில்லாத வீடுகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பகலில் சேர்ந்த வெப்பத்தைத் தரையும் சுவர்களும் இரவில் வானத்தை நோக்கி வெளிவிடுகின்றன. நெருக்கமாக நிற்கும் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும், அதனால் வெப்பம் சுவருக்குச் சுவர் மோதித் தங்கிவிடுகிறது. இரவில் நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லண்டனில் அளந்து எழுதியவர் லூக் ஹோவர்ட். நம் நாட்டில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷாம் சானி, கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா வட்டாரத்தின் தட்பவெப்பத்தை ஆராய்ந்து 1980இல் நூலாக வெளியிட்டார். நகரமயமாவதால் உள்ளூர்த் தட்பவெப்பம் எப்படி மாறுகிறது என்பதே அவருடைய கேள்வி.

இதுவரை கணக்கு தரை வீட்டுக்குச் சாதகமாகவே போகிறது, இல்லையா? இனி வீட்டுக்கு முன்னால் இருக்கும் முற்றத்தைப் பார்ப்போம்.

நம் ஊரில் வரிசை வீட்டு மனை பெரும்பாலும் 22 அடி அகலம், 75 அடி நீளம் என்ற அளவில் இருக்கும். முன்னால் 20 அடி ஆழத்துக்குப் புல்தரை இருப்பதாகக் கொள்வோம். பரப்பு ஏறத்தாழ 41 சதுர மீட்டர். குடும்பத்தில் இரண்டாவது கார் வந்ததும் அந்தப் புல்லின் மேல் சிமெண்டோ ஓடுகளோ விழுகின்றன. பிற்பகல் இடிமழையில் 50 மில்லிமீட்டர் பெய்வது கிள்ளான் பள்ளத்தாக்கில் அதிசயமில்லை. 41 சதுர மீட்டரில் அது 2,000 லிட்டருக்கு மேல். புல்லும் மண்ணும் அதில் ஒரு பகுதியைக் குடித்து, மீதியை மெதுவாக விடும். சிமெண்ட் ஏறக்குறைய முழுவதையும் உடனே கால்வாய்க்குத் தள்ளும். அந்தச் சாலையில் 40 வீடுகள் இருந்து, நாற்பதும் சிமெண்ட் போட்டால், முற்றங்களிலிருந்து மட்டும் 80,000 லிட்டர் ஒரே நேரத்தில் கால்வாயில் இறங்கும். பெட்டாலிங் ஜெயாவில் அது பெஞ்சாலா ஆற்றுக்குப் போய், பிறகு கிள்ளான் ஆற்றில் சேரும். கரையோரத் தாழ்நிலத்தில் வசிப்பவர் வீட்டுக்குள் தண்ணீர் நுழையும்போது, மேட்டில் இருக்கும் நாம் ஏர்கோன் போட்டுத் தூங்கிக்கொண்டிருப்போம். பசுமைக்காக வந்தவர்களே ஒவ்வொருவராக அந்தப் பசுமையை மூடுகிறார்கள். யாரும் கெட்டவர் இல்லை. காருக்கு இடம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கார் ஏன் இரண்டாயிற்று? அதற்குச் சற்றுப் பின்னால் வருகிறேன்.

கொசுவை மறந்துவிடக்கூடாது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் வகைகளில் ஒன்றான 'ஏடிஸ் அல்போபிக்டஸ்' செடிகொடிகள் உள்ள வெளிப்புறத்தை விரும்பும். பூந்தொட்டித் தட்டு, இலை அடைத்த கூரைத் தண்ணீர்க் குழாய், மறந்துபோன வாளி ஆகியவற்றில் தேங்கும் கொஞ்சம் நீரே அதற்குப் போதும். நம் வெப்பத்தில் முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை முற்றத்தைச் சுற்றிவரும் வேலை தரை வீட்டோடு சேர்ந்தே வருகிறது. அந்த வேலை உங்கள் தலையில் விழும் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். இன்னொன்று: ஒரு வரிசை மரம் வாகன இரைச்சலைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். தடுக்காது. பல மீட்டர் அடர்த்தியான தோப்பு இருந்தால்தான் ஒலி சற்றுக் குறையும்.

இப்போது வட்டக் கணக்குக்கு வருவோம். பேருந்து நிறுத்தத்துக்கு மக்கள் சலிக்காமல் நடக்கும் தூரம் 400 மீட்டர் என்று நகர அமைப்பாளர்கள் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். 400 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 50 ஹெக்டேர். சாலைகளுக்கும் திடலுக்கும் விட்டது போக, வரிசை வீடுகள் ஒரு ஹெக்டேரில் 30 இருக்கலாம். வீட்டுக்கு 4 பேர் என்றால் வட்டத்துக்குள் 6,000 பேர். தாமானுக்கு அந்த ஒரே நிறுத்தம்தான் என்றும், காலை நெரிசல் நேரத்தில் இருபதில் ஒருவர் பேருந்தில் ஏறுவார் என்றும் எளிமையாக்கிக்கொள்வோம். 300 பயணிகள் கிடைப்பார்கள். பேருந்துக்கு 50 பேர் என்றால் மணிக்கு ஆறு பேருந்துகள், அதாவது பத்து நிமிடத்துக்கு ஒன்று.

ஹெக்டேருக்கு 10 வீடுகள் மட்டுமே உள்ள பங்களாப் பகுதியில் இதே கணக்கு 100 பயணிகளில் முடியும். அரை மணிக்கு ஒரு பேருந்து. அரை மணி நேரம் காத்திருக்க யாருக்கும் மனம் வராது. அதனால் ஏறுபவர் இன்னும் குறைவார்கள், பேருந்தும் குறையும். இப்படித்தான் இரண்டாவது கார் வீட்டுக்குள் வருகிறது.

வட்டத்தையும் முழுதாக நம்பாதீர்கள். பல தாமான்களில் சாலைகள் வளைந்து வளைந்து முட்டுச் சந்தில் முடியும். பாதுகாப்புக்காகப் பக்கச் சாலைகளை அடைத்து, ஒரே வாயிலை மட்டும் திறந்து வைக்கும் இடங்களும் உண்டு. காகம் பறக்கும் தூரத்தைவிட நடக்கும் தூரம் ஒன்றரை மடங்கு என்றால், 400 மீட்டர் நடந்து வரக்கூடிய ஆரம் 267 மீட்டராகச் சுருங்கும். பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அல்லவா? 50 ஹெக்டேர் 22 ஆகிவிடும். வீடுகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் வேலிகள் பயணிகளில் பாதிக்கும் மேற்பட்டோரை அழித்துவிட்டன. திருடனைத் தடுக்கப் போட்ட வேலி முதலில் தடுப்பது நடந்து போகும் மாணவனைத்தான் என்பது என் கருத்து.

கார் வைத்திருப்பவருக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்க 16 வயதும் கார் உரிமத்துக்கு 17 வயதும் ஆக வேண்டும். 13 வயதில் அந்த வீட்டுக்குப் போனால், நான்கு ஆண்டுகள் டியூஷனுக்கும் பூப்பந்துக்கும் நண்பன் வீட்டுக்கும் அம்மாவோ அப்பாவோதான் ஓட்டுநர். பாட்டிக்கோ மருந்தகம் போகவும் கோயிலுக்குப் போகவும் ஆள் தேவை. மின்தூக்கிக்குக் காத்திருந்தவர் இப்போது மகனின் காருக்குக் காத்திருப்பார்.

அப்படியானால் அடுக்குமாடியே மேலா? அவசரப்பட வேண்டாம். 1984இல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 'சயன்ஸ்' இதழில் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 23 பேருக்குச் சன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, 23 பேருக்குச் செங்கல் சுவர் தெரிந்தது. மரம் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள், வலிநிவாரணியும் குறைவாகவே கேட்டார்கள். 46 பேரை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் யாருக்கும் அந்த மரங்கள் சொந்தமில்லை. நான்காவது மாடிச் சன்னலிலிருந்தும் தூங்குமூஞ்சி மரத்தைப் பார்க்கலாம். தாமானின் குளுமையில் பெரும்பங்கு, மாநகர் மன்றம் சாலையோரத்தில் நட்டுப் பராமரிக்கும் மரங்களிலிருந்து வருகிறது. வீட்டுப் பத்திரத்தில் அவை இடம்பெறுவதில்லை.

இரண்டும் சேர்ந்து கிடைக்கும் இடங்களும் இருக்கின்றன. பெட்டாலிங் ஜெயாவிலேயே தாமான் ஜெயா எல்ஆர்டி நிலையம் 1998 முதல் இயங்குகிறது. 2016 டிசம்பரில் பிலியோ டமன்சாரா எம்ஆர்டி நிலையம் திறக்கப்பட்டது. இரண்டும் பழைய வீட்டுப் பகுதிகளுக்கு அருகிலேயே உள்ளன. நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான கடைசி ஒரு கிலோமீட்டர்தான் சிக்கல். அதைச் சமாளிக்கக் கிள்ளான் பள்ளத்தாக்கின் சில பகுதிகளில் கைப்பேசிச் செயலி வழியே அழைக்கும் வேன்கள் ஓடத் தொடங்கியுள்ளன.

குடும்பத்தோடு வீடு பார்க்கப் போகும் நாளில், பெரியவர்கள் கூரையையும் சமையலறையையும் பார்க்கட்டும். நீங்கள் பிற்பகல் மூன்று மணிக்குக் குடையில்லாமல் அந்த வீட்டிலிருந்து அருகிலுள்ள பேருந்து நிறுத்தம்வரை நடந்து பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது, அதில் எத்தனை நிமிடம் நிழலில் நடந்தீர்கள், சாலை கடக்க எத்தனை முறை நின்றீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நிறுத்தத்தில் அடுத்த பேருந்து வரும்வரை இருந்து அந்த நேரத்தையும் எழுதுங்கள். பாட்டி உடன் வருவதாகச் சொன்னால் இன்னும் நல்லது, அவருடைய நடைக்கு ஆகும் நேரத்தையே தாளில் எழுதுங்கள். திரும்பி வந்து, அப்பா கையில் வைத்திருக்கும் கணக்குத் தாளுக்குப் பக்கத்தில் அதை வையுங்கள்.