பைத்தானும் ஃபோர்ட்ரானும் கைகோர்க்க...

நெல் எத்தனை நாளில் பூக்கும் என்று வெப்பநிலையை வைத்தே கணக்கிடும் சாப்ட்வேர்கள் உண்டு. அவற்றில் ஒன்று ஒரைசா 2000. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2001-ல் வெளியிட்டவை. இதற்கு முந்தைய மாடல்களைக் கொண்டு நடந்த ஆய்வுகளில் நம் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தினரும் பங்கேற்றிருக்கிறார்கள். டெல்டாவில் சம்பா பூக்கும் நேரம் அடைமழையில் மாட்டினால் பதர்தான் மிஞ்சும். எனவே இது விளையாட்டுக் கணக்கு அல்ல.

ஒரைசா எழுதப்பட்டிருப்பது 1957-ல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியில். இன்றைய மாணவர்களுக்குத் தெரிந்ததோ பைத்தான். "எல்லாவற்றையும் பைத்தானில் மாற்றி எழுதிவிடலாமே?" என்று கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வயலில் பல பருவங்கள் சரிபார்த்த கணக்கை மாற்றி எழுதினால், மறுபடியும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். இணைப்பதே மேல்.

எப்படி இணைப்பது? கம்பைல் செய்தபின் ஃபோர்ட்ரானும் சி-யும் வெறும் மெஷின் கோடுதான். ஃபோர்ட்ரான் சப்ரூட்டீனை விண்டோஸில் டி.எல்.எல். ஃபைலாக மாற்றிவிட்டால், பைத்தானுடனேயே வரும் சிடைப்ஸ் மூலம் அதை அழைக்கலாம். பெயர் சிக்கல் ஒன்று வரும். ஜிஃபோர்ட்ரான் கம்பைலர் பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடு சேர்த்துவிடும். ஃபோர்ட்ரான் 2003-ல் வந்த பைண்ட் சி வசதி இதைத் தீர்க்கிறது.

பெயர் தவறினால் எர்ரர் வரும், கவலையில்லை. எர்ரரே வராத தவறுகள்தான் ஆபத்து. ஃபோர்ட்ரானின் சாதாரண ரியல் எண் 4 பைட். பைத்தானின் ஃப்ளோட் 8 பைட். 30 டிகிரியை 8 பைட்டாக மெமரியில் வைத்து அதன் முகவரியைக் கொடுத்தால், நம் வீட்டு பி.சி.யில் ஃபோர்ட்ரான் முதல் 4 பைட்டை மட்டும் படித்து 0 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். ஒரைசா கணக்கில் 8 டிகிரிக்குக் கீழே நெல் வளராது. தஞ்சாவூர் வெயிலில் பூக்கவே பூக்காத நெல்!

அடுத்தது அட்டவணை. சி மொழி வரிசை வரிசையாக மெமரியில் அடுக்கும், ஃபோர்ட்ரான் பத்தி பத்தியாக அடுக்கும். ஆடுதுறைக்கு ஒரு வரிசை, நாகப்பட்டினத்துக்கு ஒரு வரிசை என்று கொடுத்தால், இரண்டு ஊரின் நாட்களும் கலந்துவிடும். இரண்டு ஊரிலும் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்று என்பதால் விடையைப் பார்த்தால் சந்தேகமே வராது.

இதற்கு நான் செய்யும் சோதனை எளிது. ஒரு நாளின் வெப்பநிலையில் 8-ஐக் கழித்துக் கூட்டும் ஒரு சிறு சப்ரூட்டீனை ஃபோர்ட்ரானில் எழுதுங்கள். முதல் ஊருக்குப் பத்து நாளும் 30, இரண்டாம் ஊருக்குப் பத்து நாளும் 8 என்று கொடுங்கள். 220, 0 என்று வந்தால் இணைப்பு சரி. இரண்டுக்குமே 110 வந்தால் அடுக்கும் முறை மாறியிருக்கிறது. நம்பை லைப்ரரியில் உள்ள எஃப்2பை கருவி இந்த மாற்றங்களைப் பெரும்பாலும் தானே கவனித்துக்கொள்ளும். ஆனாலும் முதலில் ஒருமுறை சிடைப்ஸில் கையால் செய்து பாருங்கள், உள்ளே நடப்பது புரியும்.