விவாகரத்து முடியும்வரை காத்திருக்க வேண்டாம்

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் குடும்பப் பிணக்கு வந்தால் முதலில் தோட்டத் தலைவரிடம் போகிறார்கள். அங்கே தீராவிட்டால் பொலிஸ். அதோடு எழுதிக் கையெழுத்து வைத்துப் பிரிந்துவிடுகிற குடும்பங்கள் உண்டு. பிறகு பிள்ளைகளின் செலவு முழுவதும் தாயின் தலையில் விழுகிறது. அப்படித் தவிப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எழுதிக் கொடுத்தால் பிரிந்ததாகிவிடுமா?

ஆகாது. தலைவர் முன்னால் எழுதியதும் பொலிஸில் எழுதியதும் திருமணத்தை முடிக்காது. மாவட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பு வேண்டும். அந்தக் கடிதத்தை நம்பி மறுமணம் செய்தால் அது செல்லாது. தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். வழக்கில் வென்றாலும் முதலில் கிடைப்பது இடைக்காலத் தீர்ப்புதான். வழக்கமாக 3 மாதம் கழித்து அது முடிவான தீர்ப்பாகும். அதுவரை மறுமணம் கூடாது.

இருவரும் சம்மதித்தால் போதுமா?

போதாது. மலையகத் தமிழருக்குப் பொருந்துவது 1907ஆம் ஆண்டின் பொதுத் திருமணச் சட்டம். அது மூன்று காரணங்களையே ஏற்கிறது: திருமணத்துக்குப் பின் பிறர் உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு அல்லது உடலுறவுக்கு இயலாமை. இவற்றில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். கண்டியச் சட்டப்படி மணந்த சிங்களத் தம்பதியர் பரஸ்பர சம்மதத்தால் பிரியலாம். நமக்கு அந்த வழி இல்லை.

அடி தாங்காமல் தாய்வீட்டுக்கு வந்துவிட்டேன். நான்தானே விட்டுப் போனவள்?

அப்படி அஞ்ச வேண்டாம். வீட்டில் இருக்க முடியாதபடி கொடுமை செய்து ஒருவரை வெளியேற்றினால், கொடுமை செய்தவரே கைவிட்டவர் என்று நீதிமன்றம் முடிவு செய்யலாம். ஆகவே வைத்தியசாலைத் துண்டையும் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் பத்திரமாக வைத்திருங்கள்.

வழக்கு இழுத்துக்கொண்டே போனால் பிள்ளைகளுக்கு என்ன வழி?

தாபரிப்புக் கேட்க விவாகரத்து தேவையே இல்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் தனியாக விண்ணப்பிக்கலாம். தன்னைத் தானே பராமரிக்க முடியாத மனைவி தனக்காகக் கேட்கலாம். கொழுந்து பறித்துச் சம்பளம் வாங்கும் தாயும் பிள்ளைகளுக்காகக் கேட்கலாம். வருமானம் இல்லாத 18 முதல் 25 வயது வரையான பிள்ளைகளுக்கும் இச்சட்டத்தில் இடமுண்டு. தகப்பன் கொழும்பில் சம்பளத்துக்கு வேலை செய்தால், சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கும்படி முதலாளிக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம். கட்டளையை மீறிக் கட்டாமல் இருந்தால் சிறைக்கும் போக நேரிடும்.

கோயிலில் தாலி கட்டினோம், பதியவில்லை. என்ன செய்வது?

பதிவுச் சான்றிதழ்தான் சிறந்த ஆதாரம். அது இல்லாவிட்டால் சடங்கு நடந்ததைச் சாட்சிகளைக் கொண்டு நிரூபிக்க வேண்டும். பிள்ளையின் உரிமைக்கு இதனால் குறைவில்லை. பெற்றோர் மணமானவர்களா இல்லையா என்று பாராமல் சட்டம் பிள்ளைக்குத் தாபரிப்பு தருகிறது.

குடித்துவிட்டு வந்து அடிப்பவரைத் தடுக்க முடியுமா?

முடியும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உங்களுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். இருவரும் வாழ்ந்த லயக் காம்பராவுக்குள் அவர் நுழையக் கூடாது என்றும் நீதவான் தடுக்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாள் வரையும், பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரையும் செல்லும். அவசரத்துக்கு 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை அழையுங்கள்.

சிங்களம் தெரியாது, பணமும் இல்லை. வழக்காட முடியுமா?

நீதிமன்ற மொழி புரியாதவருக்கு அரசு செலவில் தமிழ் மொழிபெயர்ப்புக் கிடைக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை. அதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். வழக்கறிஞருக்குக் கட்ட வழியில்லாதவர்களுக்கு 1978இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது.

நீதிமன்றத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் சம்பளம் போகும். அதனால் முதல் நாளே அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கணவர் வேலை செய்யும் இடத்தின் விலாசம் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். விவாகரத்து வேண்டுமா என்பதை ஆறுதலாக முடிவு செய்யலாம். தாபரிப்பையும் பாதுகாப்பையும் இன்றே கேளுங்கள்.