வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடம் வரை

வீடமைப்புத் திட்டமொன்று திறந்து வைக்கப்படும்போது எத்தனை வீடுகள், எத்தனை அறைகள், மின்சாரம் உண்டா, மலசலகூடம் உண்டா என்றுதான் எல்லோரும் கேட்கின்றோம். பஸ் ஏறும் இடத்துக்கு ஒரு பெண் எத்தனை நிமிடம் நடக்க வேண்டும், அந்த வழி எப்படிப்பட்டது என்று கேட்போர் மிகக் குறைவு. ஆனால் அந்த வீட்டுப் பெண் தொடர்ந்து வேலைக்குப் போவாளா, மகள் மாலை வகுப்புக்குப் போவாளா என்பதைப் பல வேளைகளில் தீர்மானிப்பது அந்த வழிதான்.

2004 சுனாமியின் பின்னர், 2005இல் தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் வரை வீடு கட்டக் கூடாதென அறிவிக்கப்பட்டது. அந்த எல்லை பின்னர் தளர்த்தப்பட்ட போதிலும், அதற்குள் பல குடும்பங்கள் உள்நிலத்தில் கிடைத்த காணிகளுக்குக் குடியமர்த்தப்பட்டிருந்தன. காணி கிடைப்பதே அரிதான அந்நாட்களில் வீதி, பஸ், சந்தை பற்றி யோசிக்க அவகாசமிருக்கவில்லை.

கிழக்கில் நான் களப்பணிக்குச் சென்று வரும் அத்தகைய குடியிருப்பொன்றில், கடைசி வரிசை வீடுகளின் பின்மதிலுக்கு அப்பால்தான் பிரதான வீதி. பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் குசினிக்குள் கேட்கும். ஆனால் குடியிருப்பின் வாசல் மறுபக்கம் இருப்பதால், அந்த பஸ்ஸைப் பிடிக்க ஒரு கிலோமீற்றருக்கும் மேல் சுற்ற வேண்டும். தையல் வேலைக்குப் போய் வந்த ஒரு தாய் வேலையை விட்டுவிட்டார். சம்பளம் போதாமலல்ல, மாரி காலத்து இருட்டில் அந்தச் சுற்று வழியால் தனியே வர முடியவில்லை. ஓட்டோ பிடித்தால் கூலியில் மிச்சமேது?

இரண்டு காணிகளுக்கிடையில் ஆறடி அகல ஒழுங்கையொன்றும் ஒரு மின்விளக்கும் வரைபடத்தில் இருந்திருந்தால் போதும். கோடு போடும்போது அதற்குச் செலவே இல்லை. இன்றோ அதற்காக இரண்டு குடும்பங்கள் தமது காணியில் மும்மூன்றடி விட்டுக்கொடுக்க வேண்டியுள்ளது. ஒரு குடும்பம் சம்மதித்துவிட்டது. மற்றக் குடும்பத்துடன் மாதர் சங்கம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

இது வறிய நாட்டுக் குறை மட்டுமன்று. ஒஸ்ரியாவின் வியன்னா நகரில் 1999இல் மக்களின் பயணம் பற்றி விசாரித்தபோது, ஆண்கள் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் படிவத்தை நிரப்பிவிட்டார்கள்: காலையில் வேலைக்கு, மாலையில் வீட்டுக்கு. பெண்களோ எழுதிக்கொண்டே இருந்தார்கள். பிள்ளையைப் பாடசாலைக்கு, பிறகு வைத்தியரிடம், கடைக்கு, முதிய உறவினரைப் பார்க்க. நம்மவர்களைக் கேட்டாலும் பட்டியல் இப்படித்தான் நீளும்.

அதே நகரில் 1997இல் பெண் கட்டடக் கலைஞர்கள் திட்டமிட்ட 357 வீடுகள் கொண்ட குடியிருப்பு கட்டி முடிக்கப்பட்டது. சிறுவர் பாடசாலை உள்ளேயே உண்டு. கடையும் வைத்தியரும் நடந்து போகும் தூரம். குழந்தையின் தள்ளுவண்டியை வைக்க மாடிதோறும் இடம் விட்டார்கள். வெறும் வசதிகளென்று இவற்றைத் தள்ளிவிட முடியாது. ஒரே நடையில் மூன்று வேலை முடிந்தால் பெண்ணுக்கு ஒரு மணித்தியாலம் மிச்சம்.

நமது சட்டத்திலும் இடமுண்டு. நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிப்படி, ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டு போடும்போது வீதிகள் தவிர்ந்த பகுதியில் பத்து வீதத்தைப் பொதுத் தேவைக்கும் திறந்தவெளிக்கும் ஒதுக்க வேண்டும். நான் பார்த்த சில திட்டங்களில் இந்தப் பத்து வீதம் தண்ணீர் தேங்கும் மூலையில்தான் விழுந்திருந்தது. அதையே பஸ் வீதிப் பக்கமாக ஒதுக்கி, முன்பள்ளியையும் அங்கு அமைத்தால், பிள்ளையை விட்ட கையோடு தாய் பஸ் ஏறிவிடலாம்.

சைக்கிளையும் மறக்கலாகாது. 1990களின் எரிபொருள் தடைக் காலத்தில் யாழ்ப்பாணப் பெண்கள் பாடசாலைக்கும் கந்தோருக்கும் சைக்கிளில்தான் போனார்கள். 2022இல் பெற்றோல் தட்டுப்பட்டபோது நாடெங்கும் பலர் சைக்கிளைத் தேடினார்கள். ஆனால் மூடியில்லாத வடிகானும் குழி விழுந்த கிறவல் வீதியும் உள்ள இடத்தில் எந்தத் தாய் தன் மகளைச் சைக்கிளில் அனுப்புவாள்? தரிப்பிடத்தில் பூட்டி வைக்க ஒரு கொட்டகை இருந்தால், அதுவரை சைக்கிள், அப்பால் பஸ் என்று போய் வரலாம்.

உங்கள் பகுதியில் புதிய திட்டம் வருகிறதென்றால், பிரதேச சபை அனுமதி வழங்குமுன் வரைபடத்தைக் காட்டும்படி மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் எழுத்தில் கேளுங்கள். கிடைத்ததும், ஒரு நாளில் நீங்கள் நடக்கும் வழிகளை அதன்மேல் பென்சிலால் வரையுங்கள். கோடு எங்கே மதிலில் முட்டுகிறதோ, அங்கே ஓர் ஒழுங்கை கேளுங்கள். ஐந்து நிமிட நடைக்கு, அதாவது ஏறத்தாழ 400 மீற்றருக்கு அப்பால் பஸ் தரிப்பிடம் இருந்தால், பஸ்ஸை உள்ளே திருப்ப முடியுமா என்று டிப்போவிலும் அப்போதே விசாரியுங்கள். பஸ் திரும்புவதற்கான இடத்தையும் வரைபடத்திலேயே விட வேண்டியிருக்கும்.