ஜெர்மன் வருது, இங்கிலீஷ் வரலையா?

ஐரோப்பிய பாஷைகளிலேயே ஆங்கிலம்தான் கஷ்டம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பாதிதான் உண்மை தோழியரே!

போன வருஷம் என் மகள், நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டில் இருக்கும் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தாள். ராத்திரி அடுக்களை வேலை முடிந்ததும், அவள் படிக்கும்போது நானும் கூட உட்காருவேன். பத்தே நாளில், அர்த்தம் புரியாவிட்டாலும் வாய்விட்டுப் படிக்க வந்துவிட்டது. எந்த எழுத்துக்கு எந்தச் சத்தம் என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. நம்ம 'க' கூடத்தான் கடலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி. ஆனால் வரும் இடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே!

ஆங்கிலத்தில்? ஓ-யு-ஜி-ஹெச் என்ற அதே நாலு எழுத்து 'த்ரூ'வில் ஊ, 'தோ'வில் ஓ, 'டஃப்'பில் அஃப். 1476ல் காக்ஸ்டன் என்பவர் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் போட்டார். அச்சில் ஏற ஏற ஸ்பெல்லிங் உறைந்துபோனது. பேச்சு மட்டும் மாறிக்கொண்டே போனது. போதாக்குறைக்கு, லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காக 'ரிசீட்'டுக்குள் சத்தமே வராத ஒரு 'பி'யை வேறு செருகிவிட்டார்கள்.

13 ஐரோப்பிய மொழிகளில், பள்ளியில் முதல் வருஷம் முடித்த குழந்தைகளைப் படிக்கச் சொல்லிப் பார்த்த ஆய்வு ஒன்று 2003ல் வெளிவந்தது. பின்லாந்து, கிரேக்கக் குழந்தைகள் அநேகமாக எல்லா வார்த்தைகளையும் சரியாகப் படித்தார்கள். ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் படித்த குழந்தைகள் நூற்றுக்கு 34தான்! ஒன்றிரண்டு வயது சின்னவர்கள்தான். இருந்தாலும் அவர்களுக்கு அது தாய்மொழி அல்லவா?

இலக்கணத்துக்கு வந்தால் கதையே வேறு. ஜெர்மனில் ஸ்பூன் ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை! பிரெஞ்சில் 80 என்றால் 'நாலு இருபது'. ஆங்கிலத்தில் பாத்திரம் பண்டத்துக்கெல்லாம் ஆண், பெண் கிடையாது, நம்ம தமிழ் மாதிரியே.

அப்புறம் ஏன் அது இப்படி மிரட்டுகிறது? என் மகள் 'டெர்' போட வேண்டிய இடத்தில் 'டீ' போட்டால் டீச்சர் திருத்துவார், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அக்கா, தி.நகரில் பேரன் படிக்கும் பள்ளியில் ஃபீஸ் கட்டிவிட்டு, "ரெசிப்ட் ப்ளீஸ்" என்றார். எழுதியிருப்பதைத்தானே சொன்னார்? கவுன்ட்டரில் இருந்த பெண் பக்கத்துப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தாளாம். அன்றிலிருந்து அக்கா அந்தப் பக்கமே போவதில்லை. பேரனுக்கு மீட்டிங் என்றால் மருமகள் ஆபீசுக்கு லீவு போட வேண்டியிருக்கிறது. எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

இப்போது சாயங்காலம் எங்கள் மொட்டைமாடியில் நாலு பேர் கூடி இங்கிலீஷ் பேப்பரைச் சத்தமாகப் படிக்கிறோம். சிரிக்கக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். முதல் வாரம் வாயே திறக்காத அக்கா, நேற்று 'வெட்னெஸ்டே' என்று கணீரென்று படித்தார். 'வென்ஸ்டே' என்று திருத்தினேன்.

"அப்போ நடுவுல இருக்கற 'டி'க்கு அங்கே என்னடி வேலை?"

வோடன் என்ற பழங்காலத்துச் சாமியின் பெயரில் வந்த கிழமை, அந்த 'டி' அவருடையது என்றாள் என் மகள்.

"சாமி பேரா? சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று அடுத்த வரிக்குப் போய்விட்டார் அக்கா.

- வாசகி, மயிலாப்பூர்