வேலையை விட்டால்தான் நாவல் எழுத முடியுமா? பாலக்காடு, இடுக்கி எழுத்தாளர்களின் வாழ்க்கை சொல்வது என்ன?

"இன்னும் ரெண்டு வருஷம் சம்பாதிச்சுட்டு வேலையை விட்டுடுவேன். மூணாறு பக்கம் ஒரு வீடு எடுத்து உட்கார்ந்து நாவல் எழுதணும்."

எழுத ஆசைப்படும் நண்பர் உங்களுக்கு இருந்தால் இந்தப் பேச்சை ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். ஒருவேளை நீங்களே சொல்லியும் இருக்கலாம். யாருக்கும் கட்டுப்படாமல் தனக்குப் பிடித்த கதையை எழுதி வாழும் 'சுயாதீன எழுத்தாளர்' என்ற கனவு அது. கனவில் தப்பில்லை. ஆனால் அதைப் பற்றிய சில நம்பிக்கைகள் தவறானவை. அவற்றை நம்பி வேலையை விட்டால் பணமும் போகும், எழுத்தும் நின்றுபோகும்.

தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களும், அவற்றை ஒட்டிய ஆனைமலைப் பகுதியும் முக்கியமான பல நாவல்களுக்குக் களமாக இருந்தவை. அவற்றை எழுதியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்த்தால் இந்த நம்பிக்கைகளில் பல உடைந்துவிடும்.

தவறான நம்பிக்கை 1: எழுத வேண்டும் என்றால் வேலையை விட வேண்டும்

இடுக்கி மாவட்டம் குடையத்தூரில் 1940-ல் பிறந்தவர் நாராயண். மலை அரையர் சமூகத்தைச் சேர்ந்த இவர், கேரளத்தின் முதல் பழங்குடி நாவலாசிரியர் என்று அறியப்படுகிறார். வெளியாட்கள் தங்களைப் பற்றித் தவறாக எழுதுவதைப் பார்த்துத்தான் 'கொச்சரேத்தி' நாவலை எழுதினார். அப்போது அவர் தபால் துறை ஊழியர். 1995-ல் ஓய்வு பெறும் வரை அந்த வேலையில்தான் இருந்தார்.

பாலக்காட்டைச் சேர்ந்த ஓ.வி.விஜயன் டெல்லியில் கார்ட்டூனிஸ்ட்டாக வேலை பார்த்தார். எம்.டி.வாசுதேவன் நாயர் மாத்ருபூமி வார இதழின் ஆசிரியராக இருந்தார், சினிமாவுக்குத் திரைக்கதையும் எழுதினார். ஆனைமலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் துயரத்தை 'ரெட் டீ' என்ற ஆங்கில நாவலாக 1969-ல் வெளியிட்ட பி.எச்.டேனியல் ஒரு தோட்ட மருத்துவர்.

வேலையை விட்டவர்கள் யாருமே இல்லையா? உண்டு. ஜெமினி ஸ்டூடியோவில் இருந்து 1966-ல் வெளியேறிய அசோகமித்திரன் முழுநேர எழுத்தாளர் ஆனார். ஆனால் அவரும் வெறும் கதையை மட்டும் நம்பி இருக்கவில்லை. கணையாழி இதழின் ஆசிரியர் பொறுப்பு, ஆங்கிலக் கட்டுரைகள் எனப் பல வேலைகளைச் செய்தார்.

வீட்டு வாடகையை வேறொரு வருமானம் பார்த்துக்கொண்டதால், அடுத்த நாவல் விற்குமா என்று பயந்து எழுத வேண்டிய நெருக்கடி இவர்களுக்குக் குறைவாக இருந்தது.

தவறான நம்பிக்கை 2: மலை, மழை, தனிமை இருந்தால் எழுத்து தானாக வரும்

விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' பாலக்காடு அருகே உள்ள தஸ்ராக் கிராமத்தை அடிப்படையாகக் கொண்டது. அங்கே இருந்த ஓராசிரியர் பள்ளியில் 1956-ல் அவருடைய சகோதரி சாந்தா ஆசிரியை. அப்போது விஜயனும் சில காலம் அந்த ஊரில் தங்கியிருந்தார். ஆனால் நாவலை முடிக்கச் சுமார் 12 ஆண்டுகள் ஆயின. அந்தக் காலத்தில் பெரும்பகுதி அவர் இருந்தது டெல்லியில். 1968-ல் தொடராக வந்த நாவல் 1969-ல் புத்தகமானது.

பார்த்த ஊர் மனதில் தங்கிவிட்டால், எழுதும் மேசை எங்கே இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. காலையில் அலுவலகம் போவதற்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரத்தை வருஷக்கணக்கில் விடாமல் பிடித்துக்கொள்வதுதான் கஷ்டம்.

தவறான நம்பிக்கை 3: நன்றாக எழுதினால் உடனே கவனிப்பார்கள்

'கொச்சரேத்தி' எழுதி முடித்து ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கழித்து 1998-ல்தான் அச்சானது. 1999-ல் கேரள சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது 2011-ல். 'ரெட் டீ' இன்னும் மெதுவாகப் பயணித்தது. இரா.முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது 2007-ல். அதைத் தழுவி பாலா இயக்கிய 'பரதேசி' 2013-ல் வெளியானது.

அதாவது 'ஒரு வருஷம் லீவு போட்டு எழுதிப் பார்ப்பேன், வரலைன்னா விட்டுடுவேன்' என்ற கணக்கு புனைவுக்குப் பொருந்தாது.

தவறான நம்பிக்கை 4: புத்தகம் வந்துவிட்டால் பணம் வரும்

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். புத்தகத்தின் விலை 250 ரூபாய், ராயல்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 500 பிரதிகள் விற்றால் கிடைப்பது 12,500 ரூபாய். எழுத இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தால், மாதத்துக்குச் சுமார் 520 ரூபாய்.

மின்நூலில் பங்கு அதிகம். அமேசான் கிண்டிலில் 35 அல்லது 70 சதவீதம் ராயல்டி தருகிறார்கள். ஆனால் இந்திய விற்பனையில் 70 சதவீதம் வேண்டும் என்றால், அந்த மின்நூலை 90 நாட்கள் கிண்டிலுக்கு மட்டுமே கொடுக்கும் திட்டத்தில் சேர வேண்டும்.

'நாங்களே உங்கள் புத்தகத்தைப் போட்டுத் தருகிறோம்' என்று பேக்கேஜ் விற்கும் நிறுவனங்களிடம் கூடுதல் கவனம் தேவை. உங்களிடம் வாங்கும் கட்டணமே அவர்களுக்கு முக்கிய வருமானம் என்றால், புத்தகம் விற்றாலும் விற்காவிட்டாலும் அவர்களுக்கு நஷ்டமில்லை. ஐஎஸ்பிஎன் எண்ணுக்கும் சேர்த்துக் காசு கேட்கிறார்களா என்று பாருங்கள். இந்தியாவில் மத்திய அரசின் முகமை அதை இலவசமாகவே தருகிறது. எழுத்தாளரே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

தவறான நம்பிக்கை 5: சுயாதீனம் என்றால் எல்லாவற்றையும் தனியாகச் செய்வது

கேரளத்தில் எழுத்தாளர்கள் தங்கள் சுதந்திரத்தைச் சேர்ந்தே கட்டினார்கள். 1945-ல் கோட்டயத்தில் அவர்கள் தொடங்கிய சாகித்ய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கம், எழுத்தாளர்களே நடத்திய பதிப்பகம். வைக்கம் முகமது பஷீர் தன் புத்தகங்களைத் தானே சுமந்து விற்றார், எர்ணாகுளத்தில் புத்தகக் கடையும் நடத்தினார்.

இன்னொரு பக்கம் வாசகர்கள். இடுக்கியின் காட்டுக்குள் இருக்கும் இடமலக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. தமிழுக்கு நெருக்கமான மொழி பேசும் முதுவான் மக்கள் வாழும் இடம். அங்கே ஒரு தேநீர்க் கடையில் 160 புத்தகங்களோடு நூலகம் நடந்ததைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பஷீரும் எம்.டி.யும் அங்கே வாசிக்கப்பட்டார்கள். இப்படி ஒரு வாசகரிடம் புத்தகம் போய்ச் சேர எடிட்டர், பிழை திருத்துபவர், மொழிபெயர்ப்பாளர், நூலகர் எனப் பலர் வேண்டும்.

அப்படியென்றால் 'சுயாதீனம்' எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் நீங்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, எழுதிய உடனே உரிமை உங்களுடையது. பதிவு செய்வது கட்டாயமில்லை. உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அது நீடிக்கும்.

கையெழுத்துப் போடும் முன் இவற்றைப் பாருங்கள்:

• உரிமையை மாற்றித் தருவது எழுத்துபூர்வமாக இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது.

• எத்தனை ஆண்டுகள் என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்.

• உரிமை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாத வரை அது காலாவதியாகும்.

• அச்சு, மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் தனித்தனியாகத் தரக்கூடிய உரிமைகள். 'அனைத்து உரிமைகளும்' என்ற ஒரே வரியில் எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டாம்.

தமிழும் மலையாளமும் தெரிந்த எல்லைப் பகுதி இளைஞர்களுக்கு மொழிபெயர்ப்பு உரிமை கூடுதல் முக்கியம். ஒரே கதைக்கு இரண்டு மொழிகளில் வாசகர்கள் கிடைக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இருக்கிறது. மொழிபெயர்ப்பு தனியொரு வருமானமாகவும் ஆகலாம்.

ராஜினாமா கடிதம் எழுதும் யோசனை இருந்தால், அதற்கு முன் மூன்று கேள்விகள். கதையில் இருந்து ஒரு ரூபாய்கூட வராத ஐந்து ஆண்டுகளை எதை வைத்துச் சமாளிப்பீர்கள்? இப்போதைய வேலையோடு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் எழுதுகிறீர்கள்? எழுதியதை நேர்மையாகப் படித்துக் கருத்துச் சொல்ல இரண்டு பேராவது இருக்கிறார்களா? இவற்றுக்குப் பதில் இல்லாமல் வேலையை விட்டால், வேலை இருந்தபோது இருந்த நிம்மதியும் போய்விடும். பதில் இருந்தால், வேலையை விடாமலே நாவலின் முதல் அத்தியாயத்தை இந்த வாரமே தொடங்கலாம்.