பழைய கணினிகள் – 6: இறுவட்டைக் காணாத கணினி

விண்டோஸ் 98 ஓடும் கணினியில் ‘மை கம்ப்யூட்டர்’ திறந்தால் ஏ, சி என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் தெரிந்து, இறுவட்டுக்குரிய டி இல்லாமல் இருப்பதுண்டு. பழுது கம்பியிலோ, பயோஸ் அமைப்பிலோ, ட்ரைவரிலோ இருக்கும். தேடுவதும் இதே வரிசையில்தான். எடுத்த எடுப்பில் ட்ரைவரில் கைவைப்பவருக்கு அன்றைய பொழுது போய்விடும்.

வன்னிப் பெருநிலத்தில் இது இன்னும் பழங்கதையாகிவிடவில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் டோர்ச் பற்றரிகூட உள்ளே வர முடியாதிருந்தது. நாட்டின் மின்கட்டமைப்பும் எட்டவில்லை. 2002இல் ஏ9 வீதி திறந்து, 2006 ஆகஸ்டில் முகமாலையில் மூடப்படும் வரையான சில ஆண்டுகளில்தான் கணினியும் இறுவட்டும் இங்கே ஓரளவு தாராளமாகப் புழங்கின. மின்பிறப்பாக்கியை நம்பி ஓடிய அந்தக் கணினிகளில் கலியாணப் படங்களும் பாடசாலைப் பதிவுகளும் கடிதங்களும் சேர்ந்தன. 2008, 2009 இடப்பெயர்வில் கணினியைக் காவிச்செல்ல முடிந்தவர்கள் அரிது. பையில் தப்பிய இறுவட்டும், வவுனியாவிலோ வெளிநாட்டிலோ உறவினரிடம் இருந்த பிரதியுமே பல குடும்பங்களுக்கு மிச்சம். அவற்றில் உள்ளவற்றுக்கு வேறு மூலம் இல்லை.

முதலில் கம்பி. அக்காலத்து ட்ரைவ்கள் 40 ஊசிகள் கொண்ட தட்டையான ஐடிஇ கம்பியால் இணைக்கப்பட்டவை. கம்பியின் சிவப்புக் கோடு ஒன்றாம் ஊசியின் பக்கம் வரவேண்டும். ட்ரைவின் பின்புறத்தில் உள்ள ஜம்பர், மாஸ்டர் அல்லது ஸ்லேவ் என்ற நிலையில் இருக்கும். ஒரே கம்பியில் உள்ள இரண்டு ட்ரைவ்களும் மாஸ்டராக இருந்தால் ஒன்றும் ஒழுங்காகத் தெரியாது. வன்தட்டை முதற்கம்பியிலும் இறுவட்டு ட்ரைவை இரண்டாம் கம்பியிலும் தனித்தனியே மாஸ்டராக விடுவது நல்லது.

அடுத்தது பயோஸ். நெடுநாள் மூடிக்கிடந்த கணினியில் மதர்போர்டின் காசு வடிவ பற்றரி செத்திருக்கும். அதனால் திகதி பின்னுக்குப் போவதோடு ட்ரைவ் அமைப்புகளும் அழிந்துபோகும். புதிய சிஆர்2032 பற்றரி போட்டு, இரண்டாம் ஐடிஇ வரிசையை ‘ஆட்டோ’வில் வைத்தால் பாதிப் பழுதுகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

இனி ட்ரைவர். டொஸ்ஸில் இறுவட்டு தெரிய இரண்டு நிரல்கள் சேர்ந்து வேலை செய்யவேண்டும். கான்ஃபிக்.சிஸ் கோப்பில் ஏற்றப்படும் ஓக்சிடிரொம்.சிஸ் போன்றது ட்ரைவோடு பேசும். ஆட்டோஎக்ஸெக்.பாட் கோப்பில் ஏற்றப்படும் எம்எஸ்சிடெக்ஸ், அதற்கு ஓர் எழுத்தைக் கொடுக்கும். இரண்டையும் பிணைப்பது எம்எஸ்சிடி001 என்பது போன்ற ஒரு பெயர். இரண்டு வரிகளிலும் அப்பெயர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்றில் 001, மற்றதில் 01 என்று இருந்தால், ட்ரைவர் ஏறியதாகத் திரை சொன்னாலும் எழுத்து வராது.

விண்டோஸ் 98இன் தொடக்க நெகிழ்வட்டில் இந்த வரிகள் ஆயத்தமாகவே இருக்கின்றன. ஆனால் அது நினைவகத்தில் ஒரு தற்காலிக ட்ரைவையும் உருவாக்குவதால், வழக்கமாக டி ஆக இருக்கும் இறுவட்டு ஈ ஆகிவிடும். டியில் தேடிவிட்டு ட்ரைவ் பழுது என்று கழற்றி எறிபவர்கள் உண்டு.

விண்டோஸுக்குள் நிலைமை வேறு. அங்கே சொந்த ட்ரைவர் இருப்பதால் டொஸ் வரிகள் தேவையில்லை. பொருந்தாத பழைய வரிகள் கிடந்தால் ட்ரைவ்கள் டொஸ் இசைவு முறைக்குத் தள்ளப்பட்டுக் கணினி ஊர்ந்து போகும். சிஸ்டம் சாளரத்தின் ‘பெர்ஃபோமன்ஸ்’ பக்கத்தில் அது எழுதப்பட்டிருக்கும்.

படித்ததை வெளியே எடுக்கப் பென் ட்ரைவ் வேண்டும். விண்டோஸ் 98இல் அதற்குப் பொது ட்ரைவர் கிடையாது. விண்டோஸ் 2000, மி, எக்ஸ்பி ஆகியவற்றில் உண்டு. 98இல் ட்ரைவரை முதலில் நிறுவி, பின்னரே பென் ட்ரைவைச் செருகுவது பாதுகாப்பு. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபற் முறைகளில் வடிவமைத்ததை 98 படிக்காது, ஃபற்32 வேண்டும். ஒன்றிரண்டு கிகாபைட் கொண்ட பழைய பென் ட்ரைவ் வசதியானது. யுஎஸ்பி 1.1 வேகம் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட் என்பதால் நிறைந்த இறுவட்டுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். இடையில் மின்சாரம் போகாத நேரமாகப் பார்த்துத் தொடங்கவேண்டும்.

பழைய வன்தட்டைப் பொறுத்தவரை அந்தக் கணினியோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. தட்டைக் கழற்றி, ஐடிஇயை யுஎஸ்பியாக்கும் இணைப்பியால் புதிய கணினியில் செருகி, எதையும் எழுதாமல் முழுப் பிரதி எடுப்பதே சரியான வழி.

கோப்பு வந்த பின்னும் ஒரு தடை உண்டு. அக்காலத்தில் இங்கே பெரும்பாலும் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சு நடந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலத்தில் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடக்கூடாது. பாமினியை நிறுவினால் தமிழ் வந்துவிடும். அதன்பின் ஒரு பிரதியை யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எழுதக்கூடிய இறுவட்டின் சாயப்படலம் வெயிலிலும் ஈரத்திலும் மங்கும். தகரக் கூரைக்குக் கீழே இருபது ஆண்டு கிடந்த தட்டை அடுத்த ஆண்டு படிக்க முடியும் என்பதற்கு உறுதியில்லை. வைத்திருப்பவர்கள் இந்த மாதமே பிரதி எடுத்து, ஒன்றை வீட்டிலும் இன்னொன்றை வேறு ஊரிலும் வைக்கட்டும்.